ஆர்.ஓ. பம்ப்: பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பலாமா?

எங்க வீடு மேடவாக்கம் பக்கம். போர் தண்ணிதான், கோடையில் கூடவே லாரித் தண்ணி. டி.டி.எஸ். மீட்டரில் 1200-க்குக் குறையாது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது என்கிறது. வேறு வழி இல்லாவிட்டால் 2000 வரை விடலாமாம். அதனால் சமையலறையில் ஒரு ஆர்.ஓ. மாட்டியிருக்கிறோம். மணிக்கு 12 லிட்டர் கொடுத்துக்கொண்டிருந்த மெஷின், இந்த ஏப்ரலில் 5 லிட்டருக்கு இறங்கிவிட்டது.

சர்வீஸ் தம்பி வந்தார். பம்ப் மேல் கையை வைத்துப் பார்த்தார். "பம்ப் வீக் ஆயிடுச்சு சார். உங்களுது 75 ஜி.பி.டி. இப்பல்லாம் 100 தான் சார் போடறாங்க. மாத்திட்டா பிச்சிக்கிட்டு வரும்." மாற்றினோம். கொஞ்ச நாள் பரவாயில்லை. மூணாவது வாரம் மறுபடி 5 லிட்டர். "அப்ப மெம்பரேன்தான் சார் போயிருக்கும்" என்றார். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

நான் மென்பொருள்காரன். சர்வர் மெதுவானால் லாகைப் பார்க்காமல் ரேம் ஏத்துபவர்களைக் கிண்டல் செய்து பழகியவன். வீட்டில் அதையேதான் நானும் செய்திருக்கிறேன்! எதையும் அளக்காமல் பெரிய பம்ப் வாங்கிவிட்டேன். எனவே இந்தக் குறிப்பு முதலில் என் மேல் விமர்சனம், அப்புறம்தான் அந்த ஜி.பி.டி. எண்ணின் மேல்.

ஜி.பி.டி. என்றால் ஒரு நாளைக்கு எத்தனை அமெரிக்க கேலன். 75 கேலன் என்பது 284 லிட்டர், மணிக்கு ஏறக்குறைய 12. உண்மையில் இது மெம்பரேனின் அளவு, பம்பின் அளவு இல்லை. பம்ப் பெட்டியில் 100 ஜி.பி.டி. என்று போட்டிருந்தால், 100 ஜி.பி.டி. மெம்பரேனுக்கு இது பொருந்தும் என்றுதான் பொருள். இந்தப் பம்ப் அவ்வளவு நல்ல தண்ணி தரும் என்று பொருள் இல்லை.

மெம்பரேனின் எண்ணும் ஒரு நிபந்தனையோடுதான் வருகிறது. வீட்டு மெம்பரேன்களில் பெயர்பெற்ற ஃபில்ம்டெக் 1812 வகையின் தகவல்தாளைப் பாருங்கள்: 50 பி.எஸ்.ஐ. அழுத்தம், 250 பி.பி.எம். உப்பு, 25 டிகிரி, 15 சதவீத மீட்பு. இந்த நிலையில் அளந்ததுதான் அந்த கேலன் கணக்கு. குழாயைத் திறந்தாலே 50 பி.எஸ்.ஐ. வருகிற ஊருக்கு அது சரி. நம்ம வீட்டில்?

எங்க மொட்டைமாடி டேங்க், சமையலறைக் குழாயிலிருந்து 6 மீட்டர் உயரம். ஒரு மீட்டருக்கு 1.42 பி.எஸ்.ஐ. என்றால் மொத்தமே எட்டரை. இன்னொரு பக்கம், உப்புத்தண்ணிக்கு சவ்வூடுபரவல் அழுத்தம் உண்டு. தோராயமாக 100 பி.பி.எம்.-க்கு 1 பி.எஸ்.ஐ. எங்க தண்ணிக்கு 12. மெம்பரேனுக்குள் போகப் போக உப்பு செறிவதால் சராசரி 15 என்று வைத்துக்கொள்ளலாம். எட்டரையை வைத்துக்கொண்டு பதினைந்தைத் தள்ள முடியாது. பம்ப் இல்லாவிட்டால் எங்க வீட்டில் ஆர்.ஓ. ஒரு சொட்டு தராது. ஆகவே பம்ப் வேண்டுமா என்பது கேள்வியே இல்லை. எந்தப் பம்ப் என்பதுதான் கேள்வி.

பம்புக்கும் மெம்பரேனுக்கும் நடுவில் ஒரு டீ போட்டு பிரஷர் கேஜ் மாட்டினேன். புது 100 ஜி.பி.டி. பம்ப் ஓடும்போது முள் நின்ற இடம் 35. 35-இல் 15 போனால் மிச்சம் 20. தகவல்தாளின் நிலையில் உப்பின் எதிரழுத்தம் போக மிஞ்சுவது 47 அல்லது 48. இருபதை நாற்பத்தேழால் வகுத்து 12 லிட்டரால் பெருக்கினால் 5 லிட்டர் சொச்சம். வாளியில் வந்ததும் அதுதான். அப்படியென்றால் மெம்பரேன் மேல் தப்பில்லை!

அடுத்து, முன்னால் இருக்கும் ஸ்பன் ஃபில்டரை ஒரு நிமிஷம் லைனிலிருந்து கழற்றிப் பார்த்தேன். முள் 70-க்குப் போய்விட்டது. லாரித் தண்ணிச் சேறு ஃபில்டரை அடைத்திருக்கிறது. பம்ப் தண்ணி கிடைக்காமல் திணறியிருக்கிறது. புது ஃபில்டர் போட்டு, ஓரமாகக் கிடந்த பழைய 75 பம்பையே திரும்ப மாட்டினேன். 62 பி.எஸ்.ஐ. மணிக்கு மறுபடி 12 லிட்டர்.

இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்று. பம்ப் தண்ணியைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். கழிவுக் குழாயில் இருக்கும் சின்ன ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் அதை நெருக்குவதால்தான் அழுத்தம் உண்டாகிறது. முன்னால் அடைத்துக்கொண்டால் தள்ளத் தண்ணி இருக்காது. பின்னால் ரெஸ்ட்ரிக்டர் தளர்ந்திருந்தால் நெருக்கம் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய பம்பை வைத்தாலும் பிரயோசனமில்லை.

பெரிய பம்ப் வெறும் வீண்செலவோடு முடிவதும் இல்லை. மெம்பரேனையும் ரெஸ்ட்ரிக்டரையும் மாற்றாமல் அழுத்தத்தை மட்டும் ஏத்தினால் நல்ல தண்ணியின் பங்கு கூடும், மிஞ்சுவதில் உப்பு செறியும், மெம்பரேனில் படிவு சீக்கிரம் கட்டும். அதைத் தடுக்க ரெஸ்ட்ரிக்டரைத் தளர்த்தினால் கழிவு கூடும். சரியாக ஓடும்போது எங்க மெஷினில் ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு இரண்டேகால் லிட்டர் கழிவு. 35 பி.எஸ்.ஐ.-யில் திணறியபோது அளந்தேன், 4 லிட்டர். தினம் 15 லிட்டர் குடிதண்ணிக்கு 34 லிட்டர் போக வேண்டிய இடத்தில் 60 லிட்டர் போயிருக்கிறது. காசு கொடுத்து லாரியில் வாங்கின தண்ணி. அம்மா அதைப் பாத்திரம் கழுவப் பிடித்து வைத்தும் பாதி சாக்கடைக்குத்தான் போனது.

அப்போ பம்ப் வாங்கும்போது எதைப் பார்க்கணும்? ஜி.பி.டி.யை மெம்பரேனோடு பொருத்திவிட்டு மறந்துவிடுங்கள். 60 பி.எஸ்.ஐ. எதிரழுத்தத்தில் நிமிஷத்துக்கு எத்தனை மில்லி தள்ளும் என்று கேளுங்கள். எங்க கணக்கில் நல்லது 200, கழிவு 450, மொத்தம் 650 மில்லி வேண்டும். அந்த அழுத்தத்தில் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்றும் கேளுங்கள். 24 வோல்ட் அடாப்டர் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் புது பம்பும் சோம்பும். டேங்க் காலியானால் பம்பை நிறுத்தும் லோ பிரஷர் சுவிட்ச் அவசியம். நான் வாங்கின பெட்டியில் முதல் கேள்விக்குப் பதிலே இல்லை. கடைக்காரருக்கும் தெரியவில்லை. பெரிசாக அச்சடித்திருந்தது 100 மட்டும்தான்.

உங்க வீட்டுத் தண்ணி 500-க்குள் இருந்தால் பம்பைப் பற்றிய கேள்வியே வேண்டாம். அந்த அளவுக்குக் கீழே ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-லேயே மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. முதலில் டி.டி.எஸ். மீட்டரை நனையுங்கள்.

சர்வீஸ் தம்பியைக் குறை சொல்ல மனசு வரவில்லை. அவர் பையில் ஸ்பேனர் இருந்தது, பம்ப் இருந்தது, கேஜ் இல்லை. போன வாரம் வந்தபோது முள்ளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இது எங்க சார் கிடைக்கும்?" என்று கேட்டார். கடை பெயரை எழுதிக் கொடுத்தேன்.