துணியின் விலையும் நன்கொடையும்: மாயா நெசவுப் பெண்களுக்கான நிதி திரட்டல்

குவாத்தமாலாவின் மேற்கு மலைநாட்டில் வாழும் மாயா நெசவுப் பெண்களுக்கும் அவர்களுடைய ஊர்க் குழந்தைகளுக்கும் அமெரிக்க, ஐரோப்பிய ஊர்களில் தேவாலயங்களும் பள்ளிகளும் மகளிர் குழுக்களும் நிதி திரட்டி அனுப்புகின்றன. 1976 நிலநடுக்கத்துக்குப் பிறகும், 1960 முதல் 1996 வரை நீண்ட உள்நாட்டுப் போரின் விளைவாகவும் இவ்வழக்கம் பெருகியது. அந்தப் போரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமல் ஆக்கப்பட்டனர். அடையாளம் தெரிந்தவர்களில் 83 விழுக்காட்டினர் மாயா மக்கள் என்று உண்மை அறியும் ஆணையம் 1999இல் அறிவித்தது. கணவனை இழந்த பெண்கள் பலருக்குப் பிழைக்கும் வழியாக மிஞ்சியது தறி ஒன்றுதான். கெட்சால்தெனாங்கோ நகரில் 1988இல் உருவான த்ராமா டெக்ஸ்டைல்ஸ் போன்ற நெசவுப் பெண்களின் கூட்டமைப்புகள் அந்நிலையில் எழுந்தவை.

அந்தத் தறி எளிமையானது. பாவின் ஒரு முனையை மரத்திலோ தூணிலோ கட்டி, மறுமுனையை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு, மண்டியிட்டு அமர்கிறார் நெசவாளர். உடலை முன்னும் பின்னும் சாய்த்தே பாவை இறுக்கவும் தளர்த்தவும் செய்கிறார். பூவேலைக்கான கூடுதல் ஊடை நூலை விரலால் எடுத்துக் கோக்க வேண்டும். வேலைப்பாடு மிகுந்த வீப்பீல் மேற்சட்டை ஒன்றுக்கு மாதக்கணக்கில் உழைப்பு தேவைப்படும். நூல் வாங்கக் கையில் பணமில்லாதவர் தரகரிடம் கடன்பட்டு, அவர் சொன்ன விலைக்கே துணியைக் கொடுக்க நேர்கிறது. நியாய வணிக முறையில் கைவினைஞர் கேட்டால் ஆர்டர் தொகையில் பாதியை முன்பணமாகத் தர வேண்டும் என்பது விதி. திரட்டிய நிதியை இந்த முன்பணமாகச் சுழல விடும் குழுக்களே கடன் சங்கிலியை அறுக்கின்றன. நிதி திரட்டும் வழக்கத்தின் தலைசிறந்த பயன் இதுவே.

குறை, துணியின் விலையும் நன்கொடையும் கலந்துவிடும் இடத்தில் தொடங்குகிறது. தேவாலய விற்பனையில் ஒரு மேசை விரிப்புக்குத் தாராளமாகப் பணம் தருபவர், அதை நெசவுக்கான கூலியாகக் கருதுவதில்லை; தருமமாகவே எண்ணுகிறார். அடுத்த ஆண்டு அந்த இரக்கம் வேறு நாட்டின் வெள்ளத்துக்குத் திரும்பினால் ஆர்டர் நின்றுபோகும். விரைவில் விற்கும் சிறு பைகளும் புத்தகக் குறிகளுமே கேட்கப்படும்போது, கடினமான பூவேலையைக் கற்கும் இளம்பெண்கள் குறைவார்கள். ஆனாலும் வெளிச்சந்தையால் வருவது கேடு மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது. அதித்லான் ஏரிக்கரையிலுள்ள சான் ஹுவான் லா லகுனாவில் செடி, பட்டைச் சாயங்கள் இன்று செழித்திருப்பதில் வெளியாரின் விருப்பத்துக்கும் பங்குண்டு.

குழந்தைகளுக்கான நிதி பெரும்பாலும் கல்வி உதவியாகவே செல்கிறது. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும் பெண்பிள்ளைகள் பலருக்குப் பேருந்துச் செலவும் காலணியும் நோட்டுமே தடை. அங்கே சிறு தொகையும் பெரிதாக உதவும். குவாத்தமாலா உட்பட ஆறு நாடுகளில் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வொன்று, ஆதரவு பெற்ற குழந்தைகள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்ததைக் காட்டியது. இது வலுவான சான்று. ஆனால் ஒரு குழந்தையின் படத்தைக் காட்டி நிதி கேட்பதும், அதன் கையால் நன்றிக் கடிதம் எழுதி வாங்குவதும், ஒரே குடிசையில் தம்பியை விட்டுவிட்டு அக்காளுக்கு மட்டும் உதவுவதும் அந்தப் பயனுக்குத் தேவையே இல்லாதவை. ஊர்ப் பொதுநிதியால் அவற்றைத் தவிர்க்கலாம். மேலும் குவாத்தமாலாவின் 2014-15 தேசிய நலவாழ்வுக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் 46.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். அந்தக் குறை பெரும்பாலும் கருவிலும் முதல் இரண்டு வயதிலுமே ஏற்பட்டுவிடுவதால், பள்ளி உதவி காலம் கடந்தே வருகிறது. தாயின் கையில் சேரும் நெசவுக் கூலி அதற்கு முன்பே குழந்தையின் தட்டுக்கு வந்துவிடும். ஆகவே முதலில் உயர்த்த வேண்டியது அந்தக் கூலியைத்தான்.

நிதி திரட்டுவோர் அதிகம் எட்டிப்பார்க்காத இடமும் ஒன்றுண்டு. இயந்திர அச்சில் தங்கள் வடிவங்கள் நகலெடுக்கப்படுவதை எதிர்த்து, சாகாதெபேகெஸ் பகுதியின் அஃபெதெஸ் அமைப்பும் நெசவாளர் இயக்கமும் 2016இல் அரசியல் சட்ட நீதிமன்றத்தை அணுகின. பாதுகாப்புச் சட்டம் இயற்றுமாறு 2017இல் நீதிமன்றம் நாடாளுமன்றத்தை வலியுறுத்தியது. ஊர்ப் பெண்கள் தலைநகருக்குப் போய்வரும் செலவு, வழக்கறிஞர் கட்டணம், கக்சிக்கேல் மொழியில் நடக்கும் கூட்டங்களுக்கான செலவு ஆகியவற்றைப் படம்பிடித்துக் காட்ட முடியாது; அதனால் நன்கொடை விளம்பரங்களில் இவை இடம்பெறுவதில்லை. திரட்டிய தொகையை எதற்குச் செலவிடுவது என்பதை நெசவாளர் குழுவே முடிவுசெய்து கணக்கையும் தானே வைத்திருக்கும் இடங்களில் இவற்றுக்கும் பணம் ஒதுக்க வழி பிறக்கிறது.