குதிரைக்கு யார் கொடுத்த பணம்?

மொசாம்பிக் என்ற பெயர் மூசா பின் பீக் என்ற அரபு வணிகனிடமிருந்து வந்தது என்கிறார்கள். 1498-இல் வாஸ்கோ ட காமா வருவதற்கு முன் அந்தத் தீவு அவன் ஆட்சியில். வியாபாரியே ராஜா. நம் கரையோடு பிணைந்த இப்படியொருவரைத் தேடினால் பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவு அகப்படுகிறது. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதை ஆண்ட ஜமாலுத்தீன் குதிரை வியாபாரி. அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரகுமான் பாண்டியனின் அமைச்சர். காயல் துறைமுகம் அவர் கையில்.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் தரும் கணக்கு இது: ஜமாலுத்தீன் வருஷத்துக்கு 1,400 குதிரை அனுப்ப வேண்டும், ஒன்று 220 தீனார், கடலில் செத்தாலும் விலை உண்டு. கரையிறங்கியவையும் பராமரிப்பில்லாமல் செத்தன. லாடமடிக்கிறவர்களை வணிகர்கள் இங்கே வரவிடுவதில்லை என்கிறார் மார்க்கோ போலோ. செத்தால்தானே அடுத்த கப்பல்!

இதற்கு முந்தைய அதாபெக் அபூபக்கர் காலத்தில் ஆண்டுக்கு 10,000 குதிரை, 22 லட்சம் தீனார் என்றும் வஸ்ஸாப் சொல்கிறார். அலங்காரமாக எழுதுகிறவர், எண்களை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் பணம் வந்த வழியைச் சொல்லும் வாக்கியத்தைத் தாண்டிப்போக முடியவில்லை: அரசின் கஜானாவிலிருந்து அல்ல, கோயில் நிலங்களின் வருமானத்திலிருந்து, கோயிலைச் சார்ந்த பெண்கள் மீதான வரியிலிருந்து.

நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரன். எங்கள் சின்னமனூர்ச் செப்பேடுகளை எம்.ஏ. வகுப்பில் நடத்தினார்கள். மதுரையில் சங்கம் வைத்தது, பாரதத்தைத் தமிழாக்கியது, அவ்வளவுதான். அடிப்படையில் அது ஒரு ஊரைப் பிரமதேயமாக்கிய நிலப் பத்திரம் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. காலம் வேறு, தானம் வேறு. வாசிக்கிற பழக்கம் ஒன்றுதான். பெருமையை எடுத்துக்கொண்டு கணக்கை விட்டுவிடுவது. நான் படித்த சரித்திர நாவல்களிலும் அப்படித்தான், வீரனுக்குக் கீழே எப்போதும் ஒரு புரவி, அதை யார் வாங்கித் தந்தார்கள் என்ற பேச்சே இராது.

'அரபியன் கொள்ளையடித்தான்' என்று இதை வைத்துக் கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். பாண்டியனுக்குப் படைக்குக் குதிரை வேண்டியிருந்தது. அந்த விலைக்குச் சம்மதித்தது அவன் அரசு. இரண்டு அதிகாரங்கள் கைகுலுக்கின. நிலத்தில் உழுதவனும் கோயிலில் ஆடியவளும் அந்தப் பேரத்தில் இல்லை.

வரி கட்டிய பெண்களில் ஒருத்தியின் பெயரும் வஸ்ஸாபின் அந்தக் கணக்கில் கிடையாது. நம் கோயில் சுவர்களில் தேவரடியார் பெயர்கள் இருக்கின்றன: விளக்கெரிக்க ஆடு கொடுத்தவளாக, நிலம் கொடுத்தவளாக. கொடுத்தவள் என்றே அவர்களைப் படித்துவருகிறோம். அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டதை அந்தச் சுவர்களிலேயே இனித்தான் தேட வேண்டும்.