கணினியை மாற்றும் முன் எழுத்தை மாற்றுங்கள்



விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இதுதான்: "என்னோட பழைய மடிக்கணினி விண்டோஸ் 11ஐ ஏத்துக்க மாட்டேங்குது. வேற என்ன வாங்கலாம்?" டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் கணினி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். இவை இல்லாத கணினி நன்றாக ஓடினாலும் முறைப்படி விண்டோஸ் 11க்குப் போக முடியாது.

ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. குரோம்புக் மலிவு என்பார் ஒருவர். மேக் வாங்கினா பத்து வருஷம் நிம்மதி என்பார் இன்னொருவர். பழைய கணினியிலேயே லினக்ஸ் போடுங்க, காசு மிச்சம் என்பார் மூன்றாமவர். எல்லாரும் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த ஆலோசனைகள் விலை, வேகம், பேட்டரி ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. "பதினைந்து வருஷமா நான் தட்டச்சு செஞ்சு வெச்சிருக்கிற தமிழ்க் கோப்பெல்லாம் அதுல திறக்குமா?" என்ற கேள்விக்கு அவற்றில் இடமே இல்லை. ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதுகிறவருக்கு இந்தக் கேள்வி எழாது. தமிழாசிரியருக்கு இதுவே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

கோப்புக்குள் இருப்பது தமிழா?

யூனிகோட் எனும் ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஒரு தந்திரத்தால் இயங்கின. ஆங்கில எழுத்துக்கும் குறிகளுக்கும் உரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களைப் பொருத்தி வைத்தார்கள். இலங்கையில் பெரிதும் புழங்கிய பாமினியை எடுத்துக்கொள்வோம். அதில் 'தமிழ்' என்று அடித்த கோப்பில் உண்மையில் இருப்பவை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். பாமினி எழுத்துரு உள்ள கணினியில் அது தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் குப்பையாகத் தெரியும். டிஸ்கி, டேப், டேம் ஆகிய குறியாக்கங்களில் எண்கள் வேறு, சிக்கல் அதேதான்.

ஆக, பழைய கணினியில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது என்பதை வைத்துக் கோப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அந்த எழுத்துரு அங்கே இருந்தது, அவ்வளவுதான். கணினி மாறும்போது இது அம்பலமாகிறது.

இதில் முதலில் பாதிக்கப்படுவது மாணவர். ராசாவிலோ கோலசிலாங்கூர்த் தோட்டப்புறத்திலோ வீட்டில் கணினியே இல்லாமல், அப்பாவின் கைப்பேசியில் படிக்கும் எஸ்.பி.எம். மாணவரை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மாதிரித் தேர்வுத்தாளைத் திறக்கிறார். "டீச்சர், எழுத்தெல்லாம் என்னென்னமோ வருது" என்று பதில் அனுப்புகிறார். அவருடைய கைப்பேசியில் குறையில்லை. நாம் அனுப்பிய கோப்பில்தான் குறை. பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதற்குள் ஒரு சொல்லைத் தேட முடியாது, வெட்டி ஒட்ட முடியாது, பார்வைக் குறையுள்ள மாணவருக்காக வாசித்துக்காட்டும் செயலியாலும் படிக்க முடியாது.

நான்கு வழிகள்

*விண்டோஸ் 11 உள்ள புதுக் கணினி.* பழக்கம் அதிகம் மாறாது. பழைய எழுத்துருக்களையும் நிறுவலாம். இந்த வசதியே ஆபத்தும்கூட: கோப்புகளை மாற்றும் வேலை இன்னும் ஐந்து வருஷம் தள்ளிப்போகும்.

*குரோம்புக்.* டெலிமாவிலும் கூகள் வகுப்பறையிலுமே பெரும்பாலான வேலை செய்கிறவருக்கு இது போதும். தமிழ்99 உள்ளிட்ட விசைப்பலகைகள் அதிலேயே உண்டு. ஆனால் விண்டோசில் செய்வதுபோல் எழுத்துருவை எளிதில் நிறுவ இதில் வழியில்லை. பழைய குறியாக்கக் கோப்புகள் இங்கே கை கொடுக்கா. இணையம் விட்டு விட்டு வரும் இடமாக இருந்தால், இணையமின்றித் திறக்கும் வசதியை முன்கூட்டியே இயக்கி வைக்க வேண்டும். பயன்படுத்திய குரோம்புக் வாங்குகிறவர்கள் அதன் தானியங்கிப் புதுப்பிப்பு எந்த ஆண்டோடு முடிகிறது என்று பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

*மேக்.* விலைதான் தடை. தமிழுக்குத் தடையில்லை. அஞ்சல், தமிழ்99 விசைமுறைகளும் இணைமதி எழுத்துருவும் இருபது ஆண்டுகளாக அதனுள்ளேயே வருகின்றன. அவற்றின் பின்னே இருப்பவர் முரசு அஞ்சலை உருவாக்கிய நம் நாட்டுக்காரர் முத்து நெடுமாறன்.

*பழைய கணினியில் லினக்ஸ்.* உபுண்டு, மின்ட் போன்றவை இலவசம். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிடித்தால் நிறுவலாம். தமிழ்99 விசைப்பலகை உண்டு. வேர்டு கோப்புகளை லிப்ரே ஆபிஸ் திறக்கும். ஆனால் அட்டவணையும் படமும் நிறைந்த பயிற்சித்தாளில் பக்க அமைப்பு கொஞ்சம் நகரலாம். அச்சு இயந்திரம் வேலை செய்கிறதா என்று பென்டிரைவில் ஓடும்போதே சோதித்துவிடுங்கள். பக்கத்தில் உதவிக்கு ஆள் இல்லாதவர் தனியாக இதில் இறங்க வேண்டாம்.

நான்கிலும் ஒருங்குறித் தமிழ் சிக்கலில்லாமல் இயங்குகிறது. எந்தக் கணினி நல்லது என்ற வாதத்துக்கு நாம் கொடுக்கும் நேரத்தில் பாதியைக் கோப்புகளுக்குக் கொடுத்திருந்தால், இந்நேரம் எந்தக் கணினிக்கும் தயங்காமல் போயிருக்கலாம்.

மாற்றி மென்பொருளை எவ்வளவு நம்பலாம்?

என்எச்எம் கன்வர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் பழைய குறியாக்கத்தை ஒருங்குறியாக்கும். என்எச்எம் விண்டோசுக்கானது. அதனால் பழைய கணினியைத் தூக்கிப் போடுவதற்கு முன்பே இந்த வேலையை முடிப்பது நல்லது. மாற்றியபின் மூன்று இடங்களில் கண் வையுங்கள்.

1. பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த கோப்பில் இடையிடையே ஆங்கில, மலாய்ச் சொற்கள் இருந்தால், அவையும் 'தமிழாகி'ப் பொருளற்றுப் போகும். அவற்றைக் கையால் திருத்த வேண்டும்.
2. டிஸ்கியை டேப் என்று தவறாகத் தேர்ந்தால் முழுப் பக்கமும் கெடும். முதலில் ஒரு பத்தியை மட்டும் மாற்றிப் பாருங்கள்.
3. 'கௌ' என்பதன் ஔகாரக் குறியும் 'ள' எழுத்தும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். 'ஔவை' என்பதை 'ஒ', 'ள', 'வை' என்று அடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. தேடும்போதுதான் கிடைக்காமல் போகும்.

செய்யும் வரிசை

- பழைய கோப்புகள் அனைத்தையும் இரண்டு இடங்களில் நகலெடுங்கள். எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து வையுங்கள்.
- இந்த ஆண்டு வகுப்புக்குத் தேவையானதை மட்டும் முதலில் மாற்றுங்கள். 2021இல் ரத்தான யு.பி.எஸ்.ஆர். தேர்வின் பழைய தாள்கள் பொறுத்திருக்கலாம். இலக்கணப் பயிற்சிகள் காத்திருக்கக் கூடாது.
- மாற்றிய கோப்பை ஒரு கைப்பேசியில் திறந்து பாருங்கள். அங்கே சரியாகத் தெரிந்தால் புதுக் கணினியிலும் பெரும்பாலும் தெரியும்.
- அதன் பிறகு கணினி வாங்குங்கள்.
- பழைய கணினியை உடனே விற்க வேண்டாம். இணையத்தைத் துண்டித்து, பழைய கோப்புகளைத் திறக்க மட்டும் ஓராண்டு வைத்திருங்கள்.

அவசரம் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு செய்தி: வீட்டுப் பயனருக்கான விண்டோஸ் 10 நீட்டிப்புத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவிக்கப்பட்டது. அதைத் தள்ளிப்போடக் கிடைத்த சாக்காக எடுத்துக்கொள்ளாமல், கோப்புகளை மாற்றக் கிடைத்த தவணையாக எடுத்துக்கொள்ளலாம்.

குறை எங்கே?

தமிழ்க் கணிமையில் மலேசியா பின்தங்கிய நாடு அல்ல. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. விண்டோஸ் 2000 காலத்திலேயே ஒருங்குறித் தமிழ் கணினிக்கு வந்துவிட்டது. 2010இல் தமிழ்நாடு அரசும் அதைத் தரமாக ஏற்றது. கருவி இல்லை என்று நாம் சொல்ல முடியாது. 2019 நடுவில் ஃபுரோக் தளத்தை விட்டுப் பள்ளிகள் கூகள் வகுப்பறைக்கு மாறியபோதே ஒரு பாடம் கிடைத்தது: தளம் போகும், கணினி போகும், ஆசிரியர் எழுதியது மட்டும் நிலைக்க வேண்டும். அந்தப் பாடத்தை நாம் முழுசாகப் படிக்கவில்லை. இன்றும் பகிரப்படும் தமிழ்ப் பயிற்சித்தாள்களில் பழைய எழுத்துருக் கோப்புகள் கலந்தே வருகின்றன. பகிரும் கோப்பு ஒருங்குறியில்தான் இருக்கும் என்று ஒவ்வொரு பள்ளியின் தமிழ்ப் பாடக் குழுவும் ஒரு வரித் தீர்மானம் போட்டால் போதும். அதற்கு ஒரு ரிங்கிட்கூடச் செலவில்லை.

மாணவர்கள் கலந்துரையாட

1. ஒரு மொழியின் எழுத்துக்கு உலகப் பொதுத்தரம் ஏன் தேவை? இரண்டு காரணங்களை எடுத்துக்காட்டோடு விளக்குக.
2. 'புதிய கருவி வாங்குவதே முன்னேற்றம்' என்னும் கருத்தை ஆதரித்தோ மறுத்தோ கட்டுரைச் சட்டகம் அமைத்திடுக.
3. உங்கள் கைப்பேசியில் 'ஔவையார்' என்று தட்டச்சு செய்க. முதல் எழுத்து ஔகாரமா, 'ஒ'வும் 'ள'வும் சேர்ந்ததா என்று கண்டறிக.