அடுத்த வாரமே தவணை

பெண் தொழில்முனைவோர் பற்றிப் பேசும் மேடைகளில் ஒரு வாதம் தவறாமல் வருகிறது. பெண்களுக்குக் கொடுத்த குழுக் கடனில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு திரும்பி வந்துவிடுகிறது, ஆகவே அவர்களுடைய தொழில் நன்றாக நடக்கிறது என்பார்கள். 2006இல் முகமது யூனுஸுக்கும் கிராமீன் வங்கிக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்த காலத்திலிருந்தே இதைக் கேட்டுவருகிறோம். சிறுதொழில்தான் அடுத்த பெரிய சந்தை என்று நிதி நிறுவனங்கள் தெருத்தெருவாகக் கிளம்பியிருக்கும் இப்போது, அது இன்னும் உரக்க ஒலிக்கிறது. கடன் திரும்பி வந்தது என்றால் கடன் திரும்பி வந்தது, அவ்வளவுதான். தொழில் வளர்ந்ததா என்பதை அந்த எண் சொல்லாது.

கந்துவட்டிக்காரரை விட்டால் வேறு கதியில்லாமல் இருந்த பெண்களுக்கு இந்த நிறுவனங்கள் ஒரு வழி காட்டின. சொத்துப் பத்திரம் கேட்கவில்லை, வங்கி மேலாளரின் அறைக்கு வெளியே காக்க வைக்கவில்லை. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ அவசரத்தில் அந்தப் பணம் கை கொடுத்திருக்கிறது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

தவணை எந்த நாளில் தொடங்குகிறது என்பதில்தான் பல ஆண்டுகளாக எனக்கு உடன்பாடில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40,000 ரூபாய் கடன், ஆண்டு வட்டி 24 விழுக்காடு, 24 மாதத் தவணை. மாதம் சுமார் 2,115 ரூபாய் கட்ட வேண்டும். செயலாக்கக் கட்டணமும் காப்பீட்டுத் தொகையும் முதலிலேயே பிடித்தம். மிச்சப் பணத்தில் ஒரு பெண் மூன்று நான்கு பெட்டை ஆடுகள் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய உடனே சினை பிடித்தாலும் ஈன 5 மாதம். குட்டி விலை போகும் அளவுக்கு வளர இன்னும் 6 மாதமாவது ஆகும். முதல் குட்டி சந்தைக்குப் போவதற்குள் 11 தவணை, அதாவது 23,000 ரூபாய்க்கு மேல் கட்டி முடித்திருக்க வேண்டும். வாரத் தவணையாக இருந்தால் வசூலுக்கு வருபவர் அடுத்த வாரமே திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார். அந்தப் பணத்தை ஆடு தராது. 100 நாள் வேலைக் கூலி தரும், கணவரின் கொத்து வேலைச் சம்பளம் தரும், அடகுக்குப் போன கம்மல் தரும், இல்லையென்றால் இன்னொரு குழுவில் வாங்கும் கடன் தரும். எதுவுமே புரளாத மாதத்தில் சினை ஆட்டையே விற்றுக் கட்டுவார். நிறுவனத்தின் ஏட்டில் அதுவும் ஒழுங்காக வந்த தவணைதான்.

இப்படிப்பட்ட கடன், எந்தத் தொழிலைச் செய்யலாம் என்பதையும் தானே முடிவு செய்துவிடுகிறது. காலையில் வாங்கி மாலைக்குள் விற்கும் காய்கறி, பூ, இட்லி மாவு போன்றவைதான் இதற்கு ஈடுகொடுக்கும். ஒரே தெருவில் நாலு பெட்டிக்கடை முளைப்பதைப் பார்த்து, பெண்களுக்குப் புதிதாக யோசிக்கத் தெரியவில்லை என்று பயிற்சி வகுப்புகளில் குறை சொல்கிறார்கள். அநியாயமான குறை. புதிதாக யோசித்தவர் முதல் மாதமே தவணைக்குத் தடுமாறுவார்.

சரக்குச் செய்து கடைக்குப் போடுகிறவரின் நிலை இன்னும் மோசம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு தொழில் செய்கிறவரிடம் சரக்கு வாங்கியவர் பணம் கொடுக்க, ஒப்பந்தம் இருந்தால், 45 நாள் வரை இடம் தருகிறது. அவருக்கு வர வேண்டிய பணத்துக்கு 45 நாள். அவர் கொடுக்க வேண்டியதற்கு 7 நாள். இந்த இடைவெளியை நிரப்பத்தான் இரண்டாவது கடன், அதை அடைக்க மூன்றாவது.

தவணை சீக்கிரம் தொடங்குவது தொழிலை முடக்குகிறது என்பது வெறும் ஊகம் அல்ல. எரிகா ஃபீல்ட், ரோகிணி பாண்டே முதலிய பொருளாதார ஆய்வாளர்கள் கொல்கத்தாவில் செய்த சோதனையின் முடிவு 2013இல் வெளிவந்தது. கடன் வாங்கிய பெண்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கம்போல இரண்டு வாரத்தில் தவணை தொடங்கியது. மற்றவர்களுக்கு இரண்டு மாதம் பொறுத்துத் தொடங்கினார்கள். அவகாசம் பெற்றவர்கள் தொழிலில் கூடுதலாக முதல் போட்டார்கள், பிற்பாடு அவர்களுடைய லாபமும் கூடியது. கட்டத் தவறியவர்களும் அவர்களிடையேதான் அதிகம். அந்தப் பின்பகுதியை மட்டும் நிறுவனங்கள் உரக்கச் சொல்லும். நட்டத்துக்கு இடமில்லாத தொழில் உலகில் எங்கே இருக்கிறது? பெரிய ஆலைக்குக் கடன் கொடுக்கும் வங்கி, உற்பத்தி தொடங்கும்வரை அசலைக் கேட்காமல் பொறுத்துக்கொள்கிறது. நாலு ஆடு வைத்திருப்பவருக்கு அந்தப் பொறுமையில் கால் பங்கும் கிடையாது. அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் சகாக்களோடு இத்தகைய குழுக் கடனின் விளைவு பற்றி ஹைதராபாத்தில் நடத்திய ஆய்விலும் குடும்பங்களின் நுகர்விலோ பெண்களின் அதிகாரத்திலோ சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் தென்படவில்லை.

ரிசர்வ் வங்கியின் 2022 விதிகள் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்துக்குத் தரும் பிணையில்லாக் கடனை, எதற்காக வாங்கினாலும், நுண்கடன் என்கின்றன. குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதி வரை தவணைக்குப் போகலாம் என்றும் அனுமதிக்கின்றன. கடன் பெறுபவரின் தேவைக்கேற்பத் தவணை இடைவெளியை அமைத்துக்கொள்ள வழி செய்ய வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. நான் பார்த்த குழுக் கூட்டங்கள் எதிலும் யாரும் அதைப் படித்துக் காட்டவில்லை. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழக அரசு 2025இல் கொண்டுவந்த சட்டம் தேவையானது. ஆனால் மிரட்டல் கடைசியில்தான் வருகிறது. கையெழுத்து வாங்கும்போதே நீட்டுகிற தவணை அட்டையில்தான் அதற்கு வித்து இருக்கிறது.

கடனை விற்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை. அவர்கள் கடன் கொடுப்பது தொழிலை நம்பி அல்ல, குழுவில் பத்துப் பேர் முன்னால் தலைகுனியக் கூடாது என்று நினைக்கும் பெண்ணின் மானத்தை நம்பி. அதனால்தான் திரும்பி வரும் விகிதம் அவ்வளவு உயரமாக இருக்கிறது.

மகளிர் தொழில் விழாக்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடன் நிறுவனத்தாரை மேடையேற்றும்போது எத்தனை பெண்களுக்கு எத்தனை கோடி கொடுத்தீர்கள் என்று கேட்க வேண்டாம். ஆடு வளர்ப்பவருக்கு முதல் தவணை எந்த மாதம், தையல் கடைக்காரருக்கு எந்த மாதம் என்று கேளுங்கள். இருவருக்கும் ஒரே நாளைச் சொல்கிறவருக்கு அடுத்த ஆண்டு அழைப்பு அனுப்பாதீர்கள்.