கடைவீடும் கிட்டங்கியும்: பினாங்கின் மரபுடைமை மதிப்பீடு குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

2008ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள், ஜார்ஜ் டவுன் மாநகரம் மலாக்காவுடன் இணைந்து யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. அப்பேற்றுக்குரிய காரணங்களுள் அந்நகரக் கடைவீடுகளின் பல்வகைமையும் ஒன்றாகும். ஆயினும் ஒரு பழைய கடைவீட்டின் மதிப்பு அதன் முகப்பில் உள்ளதா, அதனுள் நடந்த வாழ்வில் உள்ளதா என்னும் வினா இன்னும் போதிய அளவு ஆராயப்படவில்லை. அதனையே ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

கடைவீட்டின் அமைப்பு

கடைவீடு முகம் குறுகி, உள்ளே நீண்டு செல்லும் கட்டடம். பக்கத்துக் கடையோடு பொதுச்சுவர். நடுவே காற்றும் ஒளியும் இறங்கும் திறந்த முற்றம். முன்னே மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க ஐந்தடி நடைபாதை. கீழ்த்தளத்தில் வணிகம், மேல்தளத்தில் குடியிருப்பு. தொழிலும் இல்லமும் ஒரே கூரையின்கீழ் இயங்கியமையே இதன் சிறப்பியல்பு எனலாம்.

கிட்டங்கி

இவ்வமைப்பைத் தமிழர் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டதன் சிறந்த சான்று, பினாங்கு வீதியில் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகள். ஒரே கூடத்தில் பல வட்டிக்கடைகள். ஒவ்வொரு விலாசத்தாருக்கும் ஒரு கைப்பெட்டி, ஓர் இருக்கை, சில பேரேடுகள். பகலில் கொடுக்கல் வாங்கல் நடந்த இடமே இரவில் படுக்கையாயிற்று. சமையல் பொதுவில் நடந்தது. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் கணக்கு கற்ற பள்ளியும் அதுவே. மேடான் வட்டிக்கடையில் பணியாற்றிய ப. சிங்காரம், 1972இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’ நாவலில் மேடானையும் பினாங்கையும் களமாக்கி இவ்வுலகிற்கு இலக்கிய வடிவம் தந்தார். கட்டட வரைபடம் காட்டாத பலவற்றை அந்நாவல் காட்டுகிறது என்பது நம் கருத்து.

சட்டமும் சுவரும்

1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முற்பட்ட கட்டடங்களின் குடியிருப்பாளரைக் காத்துவந்தது. 1997இல் அதனை நீக்கும் சட்டம் இயற்றப்பட்டு, 1999ஆம் ஆண்டின் இறுதியோடு அப்பாதுகாப்பு முடிவுற்றது. குறைந்த வாடகையில் உரிமையாளர் கட்டடத்தைப் பழுதுபார்க்க இயலாதிருந்தனர் என்னும் வாதத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் வாடகை உயர்ந்தபோது பழைய குடிகள் பலர் வெளியேறினர். எட்டாண்டுகளுக்குப் பின் உலகப் பட்டியல் வந்தபோது, காப்பதற்குச் சுவர்கள் இருந்தன. அவற்றுக்குப் பொருள் தந்த மாந்தருள் பலர் இல்லை.

2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் கட்டப்பொருளோடு கட்புலனாகா மரபையும் ஏற்கிறது. எனினும் நடைமுறையில் சாளரமும் ஓடும் அளக்கப்படும் அளவுக்குப் புழக்கம் அளக்கப்படுவதில்லை. பினாங்கு வீதிக் கோயில் வீட்டிலிருந்து தைப்பூசத்தில் வெள்ளித்தேர் புறப்படுவதால்தான் அவ்வீடு வெறுங்கட்டடமாகாமல் நிற்கிறது. வண்ணம் புதுப்பித்து உள்ளே தங்கும் விடுதி வைத்த கடைவீட்டை அதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

எல்லைக்கு அப்பால்

உலக மரபுடைமை எல்லை தீவிலேயே முடிந்துவிடுகிறது. பெருநிலத்தில், வட செபெராங் பிறையின் கெப்பாலா பத்தாஸ் போன்ற சிறுநகரங்களின் பழைய கடைவரிசைகள் அதற்குள் அடங்கா. அவற்றுக்கு அணிசெய்த முகப்புகள் குறைவு. ஆகவே கலைநோக்கில் அவை பின்தள்ளப்படக்கூடும். வயலிலும் தோட்டத்திலும் உழைத்தோர்க்கு அரிசியும் பருப்பும் கடனுக்குத் தந்த கடை, அக்கடன் ஏட்டினாலேயே வரலாற்றுச் சான்றாகிறது. முகப்பை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் உழைப்பாளரின் வரலாறே முதலில் அழியும்.

முடிவுரை

சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் நகரச் சீரமைப்பில் மறைந்தன. எஞ்சியவை நிழற்படங்களும் நினைவுகளுமே. பினாங்கில் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. எனவே இங்குச் செய்யத்தக்கது மிகுதி. பெயர்ப்பலகை, பேரேடு, வாடகைச் சீட்டு, முதியோர் வாய்மொழி ஆகியவற்றைத் தொகுக்கும் பணியைக் கட்டடக் கலைஞரிடம் எதிர்பார்த்தல் முறையன்று. பழந்தமிழ்க் கணக்கெழுத்தைப் படிக்கவல்லவர் அருகிவருகின்றனர். அப்பயிற்சியை மாணவர்க்கு அளித்து, ஊர்தோறும் ஒரு கடைவீட்டையேனும் முழுமையாகப் பதிவுசெய்வது தமிழாசிரியர்க்கும் தமிழ்த்துறைகளுக்கும் உரிய கடன். அப்பதிவு இன்றேல், காக்கப்பட்ட கட்டடமும் யாருடையது என்று சொல்ல வழியின்றி நிற்கும்.