மீரியபெத்த மண்சரிவும் காட்சிக் கலையும்

நாட்டுக்கு நேர்ந்த பேரிடர்களை நூதனசாலைகளிற் காட்டும் முறை அண்மைக் காலத்திற் பெரிதும் மாறியுள்ளது. முன்னர்க் கண்ணாடிப் பேழைக்குள் வைத்த பொருளை எட்ட நின்று நோக்கினோம். இன்றோ ஒலியும் ஒளியும் அசையும் தரையும் கொண்டு காண்போனை அந்நிகழ்ச்சியின் நடுவிலேயே நிறுத்த முயல்கின்றனர். ஊவாவின் பெருந்துயரமாகிய மீரியபெத்தவுக்குக் காட்சிக்கூடம் ஒன்று அமைவதாயின் இம்முறை அதற்குப் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலையில், பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்கு அண்மையில் உள்ள மீரியபெத்த தோட்டத்தின் மீது மலை சரிந்தது. லயன்கள் மண்ணுள் மறைந்தன. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். ஆனால் திரும்பி வந்து புகுவதற்கு வீடு இருக்கவில்லை.

குஜராத்தின் பூஜ் நகரில், 2001 ஜனவரி 26 ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தின் நினைவாக எழுந்த ‘ஸ்மிருதிவன்’ நூதனசாலை 2022 இல் திறக்கப்பட்டது. அங்கே ஓர் அரங்கில் தரை நடுங்குகின்றது. காண்போர் நிலநடுக்கத்தைத் தம் காலாலேயே உணர்கின்றனர். இதனை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. பூமி முன்னறிவித்தல் தராது நடுங்கியது. ஆகவே அத்துயரின் உயிர்நிலை அந்தக் கணமே. அதை உணர்த்தக் கணத்தையே காட்டினர்.

மீரியபெத்தவின் செய்தி வேறு. அங்கே மலை முன்னரே பேசியது. மண்சரிவு அபாயம் உள்ள இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. பின் ஏன் மக்கள் அகலவில்லை? அகன்று போவதற்கு நிலம் வேண்டும். லயக் காம்பரா தோட்டத்துக்கு உரியது. அதிற் பிறந்து, மணந்து, மூத்தவரிடம் அதற்கு உறுதி இல்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை 2003 ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே வந்தது. பிரசாவுரிமை வந்த பின்னும் நிலம் வரவில்லை. ஆதலின் இங்கே துயரின் உயிர்நிலை மலை சரிந்த கணமன்று. அதற்கு முந்திய ஆண்டுகள். இருண்ட அறையில் மலை உறுமுவதையும் மண் பாய்வதையும் காட்டினால், பார்த்தவர் ‘இயற்கையின் சீற்றம்’ என்று பெருமூச்செறிந்து வெளியேறுவர். எச்சரிக்கைக் கடிதங்களும் அவற்றுக்குக் கிடைத்த மறுமொழிகளும் மறைந்தே போகும்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்தின் நிலைக்களன்களை வேறாகவும் அழுகையின் நிலைக்களன்களை வேறாகவும் வகுத்தார். இழவும் வறுமையும் அழுகைக்கு உரியன. உறுமும் அரங்கு எழுப்பவல்லது அச்சமே. அச்சம் வாயிலைக் கடந்ததும் நீங்கிவிடும்.

யப்பானியர் இதனை ஆராய்ந்தே ஒரு முடிவு செய்தனர் போலும். ஹிரோஷிமா நினைவு நூதனசாலையில், வெந்த தோல் தொங்க நடப்போரின் உருவப் பொம்மைகள் நெடுங்காலம் நின்றன. 2017 இல் அவை அகற்றப்பட்டன. அச்சம் குறைந்துவிடும் என்று எதிர்த்தோரும் உளர். ஆயினும் 2019 இல் திறந்த புதிய ஒழுங்கில் இறந்தோரின் உடைகளும் உடைமைகளுமே முதலிடம் பெற்றன.

நம் நாட்டிலும் வழிகாட்டி இல்லாமலில்லை. ஹந்தானைத் தேயிலை நூதனசாலையில் இயந்திரங்களே தலைமை பெறுகின்றன. கம்பளைப் பகுதியில் 2007 இல் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் நூதனசாலையோ பழைய லயன் வரிசை ஒன்றிலேயே அமைந்துள்ளது. காம்பராவுக்குள் நுழைபவன் அதன் அகலத்தைத் தன் தோளால் அறிகின்றான். அதற்கு ஒலிபெருக்கி வேண்டியதில்லை. காண்போனை உள்ளிழுத்தல் என்பது இதுவே என்பேன்.

மீரியபெத்தக் காட்சியும் அவ்வாறே ஒரு காம்பராவுக்குள் தொடங்கலாம். சுவரில் 2005, 2011 எச்சரிக்கைகள். அருகே செக்ரோல் புத்தகம், கொழுந்துக் கூடை, பாடசாலைப் பை. அடுத்த அறை தப்பியோர் ஏறத்தாழ இரண்டாண்டு தங்கியிருந்த பழைய தேயிலைத் தொழிற்சாலையின் ஒரு மூலை. 2016 இலேயே புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன. சரிவுக்கு ஒரு புகைப்படம் போதும். இறுதிச் சுவரை வெறுமையாக விடுதல் இயலாது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் இம்மாவட்டத்தின் மலைகள் சரிந்தன. காட்சி கொழும்பில் அன்றி இம்மாவட்டத்திலேயே அமையவேண்டும். விளக்கவுரைகள் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே அளவு எழுத்தில் இருத்தல் வேண்டும். அன்று பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் இன்று இளைஞர். அவர்களுள் விரும்புவோரைக் கொண்டே அவ்வுரைகளை எழுதுவிக்கலாம்.