மனநோயாளியின் முகமும் சுயேச்சைத் திரைப்படமும்

அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்துப் பிரிட்ஜ்வாட்டர் என்னும் ஊரில், குற்ற வழக்குகளில் சிக்கிய மனநோயாளிகளை அடைத்துவைப்பதற்கென்று அரசாங்கம் நடத்திவந்த ஆஸ்பத்திரிக்குள், 1966-ஆம் ஆண்டில், சட்டம் போதிக்கும் ஆசிரியராயிருந்த ஃபிரெடெரிக் வைஸ்மன், மேலதிகாரிகளின் அனுமதியோடு, ஜான் மார்ஷல் என்ற ஒளிப்பதிவாளரை அழைத்துக்கொண்டு நுழைந்தார். அங்கே அவர் எடுத்த ‘டிட்டிகட் ஃபாலீஸ்’ என்ற 84 நிமிஷக் கறுப்பு வெள்ளைப் படத்தில் வருணனைக் குரல் இல்லை. வைத்திய சாஸ்திர விளக்கமும் இல்லை. நிர்வாணமாக நிற்கும் ஒரு மனிதரைக் காவலர்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சீண்டுவதும், உண்ண மறுத்த ஒருவருக்கு மூக்கின் வழியே குழாய் செருகி ஆகாரம் புகட்டும் டாக்டர் வாயில் சிகரெட்டோடு நிற்பதும், இந்த இடமே தம்மைக் கெடுக்கிறது, சிறைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று ஓர் இளைஞர் தெளிவாக வாதாடுவதும், அந்தத் தெளிவையே வியாதியின் அறிகுறியாக டாக்டர்கள் எடுத்துக்கொள்வதும், உள்ளது உள்ளபடியே திரையில் வருகின்றன.

நோயாளிகளின் அந்தரங்கம் பங்கப்பட்டது என்று காரணம் காட்டி மாகாண அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. 1968-இல் ஒரு நீதிபதி படத்தின் பிரதிகளை அழித்துவிடும்படியே உத்தரவிட்டார். மறு ஆண்டு மாகாண உச்ச நீதிமன்றம் அதைச் சற்றுத் தளர்த்தி, டாக்டர்கள், வக்கீல்கள், நீதிபதிகள், சமூக சேவகர்கள், மாணவர்கள் ஆகியோர் மட்டும் பார்க்கலாம் என்றது. பொதுஜனங்கள் பார்ப்பதற்கு 1991 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த மனிதர்கள் வருஷக்கணக்காகக் காவலர் முன்னிலையில் ஆடையின்றி நின்றபோது எவருக்கும் நினைவுக்கு வராத அந்தரங்கம், வரிசெலுத்தும் குடிமக்கள் அதைக் காணக்கூடும் என்ற நிலை வந்தவுடனே அரசாங்கத்தின் நினைவுக்கு வந்தது என்பதை எண்ணும்போது இன்றைக்கும் மனம் கொதிக்கிறது. ஆயினும், ஆடையும் சுவாதீனமும் இழந்து நின்ற அந்த மனிதர் கேமராவுக்குத் தந்த சம்மதம் எத்தகையது என்ற கேள்வி அரசாங்கத்தின் வாயிலிருந்து வந்ததனாலேயே பொய்யாகிவிடாது. மனநோயாளியின் முகத்தை மறைத்தால் அவன் வெட்கப்படத்தக்கவன் என்பதை நாமே ஒப்புக்கொள்கிறோம். காட்டினாலோ, அதன் விளைவுகளை அவனே தனியாக அனுபவிக்கிறான். இத்துறையில் அதற்குப் பின் தோன்றிய சிறந்த படங்களெல்லாம் இந்தச் சங்கடத்துக்குத் தத்தம் வழியில் விடை தேடியவையே என்பது என் அபிப்பிராயம்.

மனநோயும் மற்ற நோய்களைப்போல உடலைச் சேர்ந்த ஒரு நோய்தான், மூளையின் ரசாயனக் கோளாறுதான் என்று ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லிவிட்டால் இழிவு தானே நீங்கிவிடும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பிரசாரப் படங்கள் பெரும்பாலும் இந்த நம்பிக்கையின்மேல் எழுந்தவை. ஆனால், பெர்னிஸ் பெஸ்கோசொலிடோவும் அவருடைய சகாக்களும் 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, 1996-க்கும் 2006-க்கும் இடையில் அமெரிக்கர்களிடையே இந்த ரசாயன ஞானம் வளர்ந்திருந்தும், மனநோயாளியை அண்டைவீட்டுக்காரராகவோ உடன் வேலை செய்பவராகவோ ஏற்கும் மனம் அதற்கேற்ப வளரவில்லை என்று காட்டிற்று. 2012-இல் பாட்ரிக் காரிகன் குழுவினர், 14 தேசங்களில் 38,000-க்கு மேற்பட்டவர்களைக்கொண்டு நடந்த 72 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வளர்ந்தவர்களின் மனத்தை மாற்றுவதில், பாடம் சொல்வதைவிட, நோயிலிருந்து மீண்ட ஒரு மனிதரோடு ஏற்படும் பரிச்சயமே அதிகப் பலன் தருகிறது என்றும், அந்தப் பரிச்சயமும் திரை வாயிலாக நேர்வதைவிட நேருக்கு நேர் நேரும்போது வலுப்பெறுகிறது என்றும் கண்டனர். இளம்பிராயத்தினரிடம் மட்டும் பாடமே முந்தி நின்றது. திரைப்படத்தின் சக்தியையும் அதன் எல்லையையும் இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆராய்ச்சியை நான் அறியேன்.

நம்முடைய வியாபார சினிமாவைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2005 என்ற ஒரே ஆண்டில் ‘சந்திரமுகி’யும் ‘அந்நிய’னும் பிளவுண்ட மனத்தைப் பயங்கரத்தின் இருப்பிடமாக்கிப் பெருவெற்றி கண்டன. 1999-இல் வந்த ‘சேது’வை அவற்றோடு சேர்க்க மனம் ஒப்பவில்லை. அதன் கதாநாயகன் சென்று சேரும் சங்கிலிக்கூடம் கதைக்காகப் புனையப்பட்ட கோரம் என்று எண்ணியிருந்தவர்களுக்கு, 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஏர்வாடி மனநோய் விடுதி ஒன்றில் மூண்ட தீயில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்ட செய்தி, அது புனைவல்லவென்று உணர்த்திவிட்டது.

இத்தாலியில் மார்கோ பெல்லோக்கியோ முதலிய நால்வர் கூடி 1975-இல் எடுத்த படம், பார்மாவை அடுத்த கொலோர்னோ மனநோய் விடுதியிலிருந்து வெளியேறித் தொழிற்சாலைகளில் வேலைக்கமர்ந்தவர்களைத் தங்கள் கதையைத் தாங்களே சொல்லச் செய்தது. மூன்று ஆண்டுகளுக்குப்பின், மனநோய் மருத்துவர் ஃபிராங்கோ பாஸாலியாவின் இயக்கத்தின் பயனாக, அத்தகைய விடுதிகளைப் படிப்படியாக மூடுவிக்கும் 180-ஆம் சட்டம் அங்கே நிறைவேறிற்று. சட்டத்தைப் படம் கொணர்ந்தது என்று சொல்வது மிகை. சட்டம் திறந்துவிடப்போகும் கதவுகளுக்கு வெளியே நின்ற சமூகத்துக்கு, உள்ளேயிருந்து வரப்போகிறவர்களை அது அறிமுகம் செய்துவைத்தது.

ஜப்பானில் இந்தச் சங்கடம் இன்னும் கூர்மையாயிற்று. மனநோய் ஆஸ்பத்திரிகளில் சுமார் 3 இலட்சம் படுக்கைகள் உள்ள அந்தத் தேசத்தில், தொலைக்காட்சியில் மனநோயாளியைக் காட்டினால் முகத்தைக் கட்டங்கட்டமாகக் கலைத்துவிடுவதே வழக்கம். கஸுஹிரோ ஸோடா, ஒகயாமா நகரில் டாக்டர் யாமமோட்டோ நடத்திய எளிய சிகிச்சை நிலையத்தில் 2008-இல் முடித்த ‘மென்டல்’ படத்தில் அந்த வழக்கத்தைக் கைவிட்டார். ஆனால் முகத்தைக் காட்டச் சம்மதித்தவர்களை மட்டுமே படமெடுத்தார். பலர் மறுத்தார்கள், சம்மதித்தவர்களோ, மருந்து, வறுமை, தற்கொலை எண்ணம் என்று எதையும் ஒளிக்காமல் பேசினார்கள். பெற்ற குழந்தையைத் தாம் இழந்த விதத்தை ஒரு தாய் அதில் சொல்லக் கேட்பவர், அவரை வெறுக்கவும் முடியாமல், இலகுவாக மன்னித்துவிடவும் முடியாமல், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க நேர்கிறது. முகம் கலைக்கப்பட்டிருந்தால் அவர் ஒரு குற்றச் செய்தியாகியிருப்பார்.

எனினும், இத்துறையில் என் உள்ளத்தை முழுமையாகக் கவர்ந்தவர் பிரான்சின் நிக்கோலா ஃபிலிபேர். ழான் ஊரி 1953-இல் நிறுவிய லா போர்த் சிகிச்சை நிலையத்துக்கு 1995-ஆம் ஆண்டுக் கோடைக்காலத்தில் அவர் சென்றபோது, அங்கே நோயாளிகளும் ஊழியர்களும் கூடி, கொம்ப்ரோவிச்சின் ‘ஓப்பரெட்’ நாடகத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலவீனமான மனிதர்களைத் தம் படத்துக்குக் கருவியாக்கிவிடுவோமோ என்று அஞ்சிய அவர், அந்த அச்சத்தை அவர்களிடமே சொல்லிப் பேசித் தெளிந்த பின்னரே கேமராவைத் திறந்தார். வரி மறந்து நிற்பவரையும், மேடை பயத்தால் நடுங்குபவரையும் பார்த்துக்கொண்டிருக்கும் நாம், அவர் நோயாளியா ஊழியரா என்று பிரித்தறியும் முயற்சியை எந்தத் தருணத்தில் விட்டோம் என்று நமக்கே தெரிவதில்லை. 2023-இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி பெற்ற அவருடைய ‘அடமான்’ படத்திலும் இதே சிரத்தை இருக்கிறது. ஸேன் நதியில் மிதக்கும் அந்தப் பகல்நேரச் சிகிச்சைக் கூடத்தில் சீருடை இல்லை. திரையில் பெயரோ பட்டமோ எழுதப்படுவதுமில்லை. பாடுபவரும், படம் வரைபவரும், காப்பிக் கடையின் கணக்கைப் பார்ப்பவரும் தங்கள் பேச்சாலேயே நமக்கு அறிமுகமாகிறார்கள்.

கற்பனைக் கதைப் படங்களில் இரண்டைச் சொல்லாமல் விட முடியாது. ஜான் கஸவேட்டஸ், 1974-இல், சொந்தப் பணத்தையும் நடிகர் பீட்டர் ஃபாக்கின் பணத்தையும் போட்டு எடுத்து, விநியோகஸ்தர் இல்லாமல் தாமே வெளியிட்ட ‘எ வுமன் அண்டர் தி இன்ஃபுளுயன்ஸ்’, மனைவியின் நிலைகுலைவைக் குடும்பத்தார் அனைவரின் நடத்தையிலிருந்தும் பிரிக்காமல் காட்டியது. லாட்ஜ் கெரிகனின் ‘கிளீன், ஷேவன்’ இன்னும் துணிச்சலானது: தன் மகளைத் தேடிச் செல்லும் நோயாளி ஒருவனைக் கொலைகாரன் என்று நாம் படம் முழுவதும் சந்தேகிக்கிறோம், அதற்குப் போதிய சாட்சியம் ஏதும் திரையில் இல்லை என்பதும், இருந்தது நம் துவேஷம் மட்டுமே என்பதும் முடிவில்தான் விளங்குகிறது.

டொரன்டோவில் 1993 முதல் நடந்துவரும் ‘ராண்டவூ வித் மேட்னஸ்’ விழா, மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றிலேயே பிறந்த ஒரு கலை ஸ்தாபனத்தின் முயற்சி. சென்னையில், டாக்டர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப் என்ற மனநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம், ‘ஃபிரேம் ஆஃப் மைண்ட்’ என்ற பெயரில் குறும்படப் போட்டியும் விழாவும் நடத்தியிருக்கிறது. அந்த ஸ்தாபனத்தின் டாக்டர் தாரா, நோயாளிகளின் குடும்பத்தாரை ஆராய்ந்து 2000-இல் வெளியிட்ட கட்டுரையில், அவர்களை மிகவும் வாட்டியவற்றுள் வீட்டுக் கல்யாணங்களைப்பற்றிய கவலையும், அக்கம்பக்கத்தார் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயமும், நோயை மறைத்தாக வேண்டிய நிர்ப்பந்தமும் முன்நின்றதைக் காட்டினார். இங்கே முகம் நோயாளி ஒருவருக்கே சொந்தமன்று. அக்காளின் வரனும் தம்பியின் உத்தியோகமும் அதில் தொங்குகின்றன. ஆகவே ஒகயாமாவில் ஒருவரிடம் கேட்ட சம்மதத்தை இங்கே ஒரு குடும்பம் முழுவதிடமும், ஒரு முறையன்று பலமுறை, கேட்டாக வேண்டும். மறுப்பவரை விட்டுவிடவும் வேண்டும்.

ஜானதன் கவெட் தம் தாயைப்பற்றி 2003-இல் எடுத்த ‘டார்னேஷன்’ படத்தின் முதற்செலவு சுமார் 218 டாலர் என்பது பிரசித்தம். கேமரா இப்போது எவருக்கும் எட்டாப் பொருளன்று. நம் நாட்டில் இத்தகைய முயற்சிகளுக்கு மானியம் தரும் ஸ்தாபனங்கள் படமெடுக்கும் நாட்களுக்கு மட்டுமன்றி, கேமராவைத் திறப்பதற்குமுன் அந்தக் குடும்பத்தோடு பழகும் மாதங்களுக்கும், படம் வெளியான பிறகு, விரும்பினால், அதில் தோன்றியவரும் இயக்குநரோடு ஊர் ஊராய்ச் சென்று பார்வையாளர் எதிரில் அமர்ந்து பேசுவதற்கு ஆகும் செலவுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்குமாயின், காரிகன் கண்ட அந்த நேர்முகப் பரிச்சயம் மதுரையிலும் திருநெல்வேலியிலும் கல்லூரிக் கூடங்களிலேயே நிகழக்கூடும்.